சாவிக்கொத்து யார் இடுப்பில்?

நடுவர் அவர்களே! எதிரணியில் வரிசையாக உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அறிஞர் பெருமக்களே! அவையோர்களே! இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

இன்றைக்குத் தலைப்பு, "சிறையில் வாடுவோரின் உரிமையைக் காத்ததில் விஞ்சி நிற்பது நீதிமன்றத் தீர்ப்பா, எதிர்க்கட்சியின் குரலா?" என்பது. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் நீதிமன்றத்தின் பக்கம் நின்று வெளுத்து வாங்கிவிட்டார்கள். போகிற போக்கில் ஒரு குத்தும் விட்டார்கள். "எதிர்க்கட்சி என்பது மருமகள் மாதிரி. மருமகளாக இருக்கும்போது சாவிக்கொத்தைப் பற்றிக் குறை சொல்லுவாள். மாமியார் ஆனதும் அதே சாவிக்கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வாள்" என்றார்கள். (சிரிப்பு)

அம்மா, அந்த உவமையை நான் அப்படியே கடன் வாங்கிக்கொள்கிறேன். வட்டியோடு திருப்பித் தருகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவன் குற்றம் செய்தான் என்று பிடிப்பது ஒன்று. செய்வான் என்று நினைத்துப் பிடிப்பது இன்னொன்று. இரண்டாவதுக்குத் தடுப்புக் காவல் என்று பெயர். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை. உள்ளே போ! அவ்வளவுதான்.

1919-இல் வெள்ளைக்காரன் ரௌலட் சட்டம் கொண்டுவந்தான். வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை என்று நாடே கொதித்தது. அந்த நேரத்தில் காந்தியடிகள் நம்ம சென்னையில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் அங்கேதான், ஒரு விடியற்காலையில், அவருக்குத் தோன்றியது. காந்தியடிகளே தம் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் ராஜாஜி, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். உள்ளே இருந்து நாட்குறிப்பு எழுதினார்.

சரி. நாடு விடுதலை பெற்றது. 1950 ஜனவரி 26, அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினாறாவது நாள், பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். குடியரசுக்கு வயது ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஐயா! அந்த மாதம் முடிவதற்குள் தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சர்தார் படேல். அவரும் வெள்ளைக்காரன் சிறையைப் பார்த்தவர். அடுத்த ஆண்டு, 1951-இல், அந்தச் சட்டத்தை நீட்டிக்க மசோதா வந்தது. நாடாளுமன்றத்தில் எழுந்து நின்ற உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? ராஜாஜி!

(சிரிப்பு) சிரிக்காதீங்க, இது சிரிக்கிற விஷயம் இல்லை. ரௌலட் சட்டத்துக்கு எதிரான எண்ணம் யார் வீட்டுக் கூரையின் கீழ் பிறந்ததோ, அவர் கையிலேயே சாவி. எதிரணி அம்மையார் சொன்ன மாமியார் கதை உண்மைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன். அன்றைக்கு நீதிமன்றம் என்ன செய்தது? சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் என்ற கம்யூனிஸ்ட் தலைவர், "என்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு. என்ன காரணத்துக்காக அடைத்தோம் என்பதைக் கோர்ட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அதை மட்டும் ரத்து செய்தார்கள். சட்டம் செல்லும் என்றார்கள். நீதிமன்றத்தில் தோற்ற கோபாலன் 1952-இல் மக்களவைக்குப் போனார். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். கோர்ட்டில் அடைபட்ட வாய் அவையில் திறந்தது. அதுதான் எதிர்க்கட்சி!

இப்போ 1975-க்கு வருவோம். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. மிசா என்று ஒரு சட்டம். அது 1971-லேயே வந்தது. இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள், மிசா என்றால் முகம் மாறும். ஷா ஆணையம் பிற்பாடு கணக்கெடுத்தது. மிசாவிலும், இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் சேர்த்து உள்ளே போனவர்கள் 1,10,806 பேர். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் குடும்பங்களில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இலை காலி.

அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் உச்ச நீதிமன்றம்? 1976 ஏப்ரல் 28. ஐந்து நீதிபதிகள். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட வழி இல்லையா? நெருக்கடி நிலை இருக்கிறவரை இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி நாற்காலி அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. அந்த ஒற்றை மனிதருக்கு நானும் தலை வணங்குகிறேன். (கைதட்டல்) ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே? அது தவறு என்று உச்ச நீதிமன்றமே சொன்னது எப்போது? 2017-இல். நாற்பத்தொரு வருஷம் கழித்து!

நம்ம ஊர்க் கதைக்கு வாருங்கள். 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தலைவர்களும் தொண்டர்களும் சென்னை மத்திய சிறைக்குள் போனார்கள். உள்ளே அடி, உதை. செங்கல்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1977 ஜனவரியில் காவலில் இருந்தபடியே உயிரை விட்டார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வெளியே இருக்கிற மனைவி மக்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

அந்த அடி எப்போது வெளிச்சத்துக்கு வந்தது? ஆட்சி மாறியபோது. தேர்தல் வந்தது. பீகாரில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறைக்குள் இருந்தே முசாபர்பூரில் நின்றார், ஜெயித்தார். எதிர்க்கட்சிகள் சிறையைப் பற்றித்தான் ஊர் ஊராகப் பேசின. மக்கள் கேட்டார்கள், ஓட்டுப் போட்டார்கள். அதன் பிறகுதான் சென்னைச் சிறையில் நடந்ததை விசாரிக்க நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் வந்தது. கம்பராமாயணத்தை உயிராக நேசித்த அதே இஸ்மாயில்தான்! கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று அந்த ஆணையம் கண்டது.

எதிரணி நண்பர் ஒருவர் 1979-ஐச் சொன்னார். பீகாரில், தண்டனை கொடுத்திருந்தால்கூட அவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டார்கள், அத்தனை வருஷம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தார்களே, அவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்ததே என்றார். உண்மை, பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஐயா, 1976-இல் வராத துணிச்சல் 1979-இல் எப்படி வந்தது? நடுவில் 1977 இருக்கிறதே!

இப்போது அந்தச் சாவிக்கொத்துக் கடனைத் திருப்பித் தருகிறேன். 1977-இல் ஜெயித்து வந்தவர்களில் பலர் சிறைக் கம்பியை எண்ணியவர்கள். மிசாவை ஒழித்தார்கள். 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதினார்கள். வாழ்க! அதே திருத்தத்தில் இன்னொரு பிரிவு உண்டு. ஆலோசனைக் குழுவைக் கேட்காமல் மூன்று மாதம் ஒருவரை அடைத்து வைக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைக்கும் பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த அறிவிப்பு இன்றுவரை வரவில்லை!

ஜனதா போனது, காங்கிரஸ் வந்தது, கூட்டணிகள் வந்தன, பா.ஜ.க. வந்தது. யாரும் தேதி போடவில்லை. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் கைதான ஏ.கே. ராய் என்ற எதிர்க்கட்சி எம்.பி. இதை உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். அரசை நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981-இல் தீர்ப்பு. கோர்ட்டும் கைவிரித்துவிட்டது, அம்மா. மாமியாரும் மறந்துவிட்டாள். அப்போ இனி யார் கேட்பது?

தமிழ்நாட்டில் 1982-இல் குண்டர் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வைக்கலாம். எத்தனை ஆட்சிகள் மாறின? சட்டம் மாறியதா? 2002-இல் பொடா வந்தது. அதை ஆதரித்த கூட்டணியில் வைகோவின் கட்சியும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதே பொடாவில் அவரே உள்ளே போனார். பத்தொன்பது மாதம்! எந்தக் கட்சியையும் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்சி நாற்காலிக்கு மறதி அதிகம். எதிர்க்கட்சி நாற்காலிக்கு ஞாபகம் அதிகம். ஆள் ஒருவரே, உட்காரும் இடம்தான் வேறு. மருமகள் மாமியார் ஆகிவிட்டாள் என்றால், வீட்டுக்கு இன்னொரு மருமகள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் கேட்பாள்! (பலத்த கைதட்டல்)

சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு ஒரு கதை சொல்கிறது. வார்த்திகன் என்றொரு அந்தணன். அவன் பிள்ளை நகை அணிந்திருந்ததைப் பார்த்து, புதையலை எடுத்தவன் என்று காவலர்கள் தந்தையைச் சிறையில் போட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. "என் ஆட்சியில் என்ன தவறு நேர்ந்தது?" என்று பாண்டியன் விசாரித்தான். வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, ஊர்களைத் தானமாகக் கொடுத்தான். கோயில் கதவு திறந்தது.

எவ்வளவு நல்ல அரசன்! ஆனால் அவன்தானே பிற்பாடு கோவலனை விசாரிக்காமல் கொல்லச் சொன்னான்? ஒருமுறை அழுகுரல் கேட்டுத் திருந்தியவனுக்கே அடுத்த முறை மறந்துபோயிற்று. அதனால்தான் சொல்கிறேன், கதவைத் தட்டும் ஒரு குரல் எல்லா ஆட்சியிலும் வேண்டும்.

வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குப் பிடித்த கட்சிக்காரரை விசாரணை இல்லாமல் உள்ளே போட்டால் அநியாயம் என்கிறோம். பிடிக்காத கட்சிக்காரர் போனால், "நல்லா வேணும்" என்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! நாம் அப்படி இருக்கிற வரைக்கும் அந்தத் தேதியை யாரும் போட மாட்டார்கள். எதிர்க்கட்சி எந்தக் கட்சியாக இருந்தாலும், சிறையைப் பற்றி அது பேசும்போது மட்டும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்காதீர்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை. ஆனால் தீர்ப்பு எழுதுகிறவர்களும் 1976-இல் தவறியிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சியின் குரலே விஞ்சி நிற்கிறது என்று எழுதுங்கள்.