கூரை போட்ட கடைவீதி

சென்ற வாரம் பாரிஸின் குறுகலான கடைச் சந்துகளில் நடந்தோம். இந்த வாரம் இத்தாலியின் மிலான். இங்கே ஒரு பெரிய வீதிக்கே கூரை போட்டுவிட்டார்கள்.

1859-இல் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்து மிலான் விடுபட்டது. 1861-இல் இத்தாலி ஒரே அரசானது. அந்தப் பூரிப்பைக் காட்ட வேறு ஊராக இருந்தால் வெற்றித்தூண் நட்டிருக்கும். மிலான் வியாபாரிகளின் ஊர், கடைவீதி கட்டியது. பேராலயத்துக்கும் லா ஸ்காலா இசையரங்குக்கும் நடுவே நெருக்கியடித்து நின்ற வீடுகள் இடிபட்டன. ஜுசெப்பே மெங்கோனி வரைபடம் போட்டார். 1865 மார்ச் 7 அன்று மன்னர் இரண்டாம் விட்டோரியோ இம்மானுவேலே அடிக்கல் நாட்டினார். கட்டடத்துக்கும் அவர் பெயர்தான். 1867 செப்டம்பரில் திறந்தேவிட்டார்கள்.

சிலுவை போன்ற அமைப்பு. நீள வீதி ஏறத்தாழ 196 மீட்டர், குறுக்கு வீதி 105. இரண்டும் சந்திக்கும் எண்கோண முற்றத்துக்கு மேலே 47 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் குவிமாடம். சுவர்களைப் பார்த்தால் அரண்மனை. அண்ணாந்து பார்த்தால் ரயில் நிலையத்தின் இரும்புச் சட்டங்கள். இரண்டையும் உறுத்தாமல் சேர்த்ததில்தான் மெங்கோனியின் மேதைமை தெரிகிறது.

அந்நாளில் விளக்கேற்றுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். குவிமாடத்தைச் சுற்றி ஒரு தண்டவாளம். சாவி கொடுத்த குட்டி வண்டி சுடரை ஏந்தி அதில் ஓட, எரிவாயு விளக்குகள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் எலிக்குட்டி!

தரையில் நான்கு நகரங்களின் சின்னங்கள்: டூரினின் காளை, ஃபுளோரன்சின் லில்லி, ரோமின் ஓநாய், மிலானின் செஞ்சிலுவை. முதல் மூன்றும் அடுத்தடுத்து இத்தாலியின் தலைநகரானவை. ஒன்றுபட்ட இத்தாலிக்கு ஒருநாளும் தலைநகராகாத மிலான், தன்னையும் அவற்றுக்குச் சமமாகப் பதித்துக்கொண்டது. காளையின் விதைமீது குதிகாலை ஊன்றிச் சுழன்றால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. சுழன்று சுழன்று அந்த இடமே குழியாகிவிட, திரும்பத் திரும்பச் செப்பனிடுகிறார்கள்.

பேராலயச் சதுக்கத்தைப் பார்த்த வாயில் வளைவு மட்டும் பத்தாண்டு இழுத்தது. 1877 டிசம்பர் 30 அன்று, முடியும் தறுவாயில் இருந்த வேலையைப் பார்வையிட ஏறிய மெங்கோனி சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 48. பத்தே நாளில், 1878 ஜனவரி 9 அன்று, மன்னரும் காலமானார். கல் நாட்டியவரும் கட்டியவரும் முழுமையடைந்த கட்டடத்தைக் கொண்டாட இல்லாமல் போனார்கள். மிலான் மக்கள் இன்று படம் எடுக்க நிற்கும் அந்த வளைவு ஓர் உயிரை விலையாக வாங்கியது என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

1943 ஆகஸ்டில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் கூரைக் கண்ணாடிகள் நொறுங்கின. போருக்குப் பின் பழைய வடிவத்திலேயே சீரமைத்தார்கள். கட்டடம் நகராட்சியின் சொத்து. 1913-இல் இங்கே தோல்பொருள் கடையாகத் தொடங்கிய பிராடா உட்பட, கடைக்காரர்கள் தரும் வாடகை நகரத்தின் கஜானாவுக்கே போகிறது. கடைவீதியை ஊரே தன் சொத்தாக வைத்துக்கொண்டது மிலான் எடுத்த மிகச் சரியான முடிவு.