குங்குமம் பெற்ற குறடு

ஆயுத பூசை நாள். கோவில்பத்தில் மிதிவண்டி செப்பனிடும் கடை ஒன்று. ஆண்டெல்லாம் எண்ணெய்க் கறை படிந்து கிடக்கும் குறடும் சுத்தியலும் திருப்புளியும் அன்று மட்டும் கழுவித் துடைக்கப்பட்டு, வாழையிலை மீது வரிசையாக வீற்றிருந்தன. சந்தனம், குங்குமம், பொரி, கடலை, பூசணிக்காய் என எதிலும் குறைவில்லை. நம் வகுப்பு மாணவி ஒருத்தி, பதினான்கு வயதினள், கடை வாயிலில் நின்று கேட்டாள்: "அண்ணே, குறட்டைக் கொஞ்சம் குடுங்க. கம்பிய வளைச்சுட்டு இப்பவே தந்துடறேன்."

"இன்னிக்குத் தொடக் கூடாதும்மா, பூசையில இருக்கு" என்றார் கடைக்காரர். பக்கத்திலிருந்த பெரியவர், "பொம்பளப் புள்ளைக்குக் குறடு எதுக்கு?" என்று தம் பங்கையும் சேர்த்தார்.

கடைக்காரர் நல்லவர். வேறொரு நாளில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. நம்மை வாட்டுவது வேறொரு கேள்வி. கருவியைக் கும்பிடும் நாடு, கருவியைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் கையை ஏன் தடுக்கிறது? இது ஒரு நாளின் வழக்கமா, ஓராயிரம் ஆண்டுகளின் வழக்கமா? வரலாற்றைக் கேட்போம்.

கொங்கு நாட்டில் நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்றோர் ஊர் உண்டு. இன்று அது ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. மண்ணை அகழ்ந்து பார்த்தபோது, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு இரும்புத் தொழில் தழைத்திருந்ததற்கான தடயங்கள் வெளிப்பட்டன. மண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி, உலையில் காய்ச்சி எஃகாக்கும் கலை தென்னாட்டுக் கொல்லர் கையில் இருந்தது. கரி எவ்வளவு, நெருப்பு எவ்வளவு, உலையிலிருந்து இறக்குவது எப்போது என்பவை அனைத்தும் கண்ணும் கையும் கற்ற கணக்கு. அவ்வெஃகை மேலை நாட்டார் 'ஊட்சு' என்றழைத்தனர். உருக்கு, உக்கு என்னும் நம் சொற்களின் சிதைவே அப்பெயர் என்று அறிஞர் கருதுவர்.

அந்த எஃகின் மறைபொருள் யாதென அறிய இலண்டன் மாநகரில் 1819ஆம் ஆண்டு ஓர் இளைஞர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் மைக்கேல் ஃபாரடே. அவருடைய தந்தை யார்? கொல்லர்! 1791இல் பிறந்து, 14ஆம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்த ஏழைச் சிறுவர் அவர். கட்டுவதற்கு வந்த ஏடுகளைக் கட்டியதோடு நில்லாமல் படித்தார். படித்ததோடு நில்லாமல் செய்து பார்த்தார். கைக்குக் கிடைத்த கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டு மின் பொறி ஒன்றை ஆக்கினார். 1812இல் வேதியியல் அறிஞர் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அதைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டே டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். 1821இல் காந்தத்தைச் சுற்றி மின்கம்பியைச் சுழல வைத்தார். 1831இல் காந்தத்தின் அசைவால் மின்சாரம் பிறக்கக் கண்டார். இன்று நம் வீட்டில் சுழலும் மின்விசிறிக்கும், அதைச் சுழற்றும் மின்சாரத்துக்கும் வித்து அங்கே இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் கூறவில்லை. டேவியுடன் ஐரோப்பா சென்ற ஃபாரடேயை டேவியின் துணைவியார் ஏவலாளாகவே நடத்தினார். ஆனால், கொல்லன் மகன் தொட்டதால் ஏடு தீட்டாகிவிட்டதென்று அங்கு எவரும் எரித்துவிடவில்லை. எஃகை ஆக்கிய கொல்லன் இங்கே. அதை ஆராயும் வாய்ப்புப் பெற்ற கொல்லன் மகன் அங்கே! நம் கொல்லனுக்குக் கை இருந்தது, ஏடு மறுக்கப்பட்டது. ஏடு வைத்திருந்தவனுக்கோ உலையருகே செல்வது இழிவு. கை ஓரிடத்திலும் ஏடு வேறிடத்திலும் கிடந்தால் அறிவியல் எங்கே பிறக்கும்?

இதைச் சொன்னால், இது கறுப்புச் சட்டைக்காரர்களின் பேச்சு என்பர் சிலர். வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ரே கறுப்புச் சட்டை அணிந்தவரல்லர். இந்து வேதியியலின் வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு தொகுதிகளாக எழுதிய அப்பெருமகனார், இந்நாட்டில் அறிவியல் நாட்டம் தேய்ந்ததற்குச் சாதி முறையை ஒரு முதற்காரணமாகக் காட்டினார். கைத்தொழில் 'தாழ்ந்தோர்' தலையில் தள்ளப்பட்டது. அறிவாளிக் கூட்டம் கையை உதறிக்கொண்டது. பிணத்தைத் தொடுதல் தீட்டாயிற்று, அறுவை மருத்துவம் நலிந்தது. ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கமே பட்டுப்போயிற்று. இது ஆய்வுக்கூடத்தில் குடுவையேந்திய ஓர் அறிஞரின் தீர்ப்பு.

கையும் அறிவும் கூடினால் என்ன விளையும் என்பதற்கு நம்மிடையேயும் சான்று உண்டு. 1893இல் கோவையை அடுத்த கலங்கலில் உழவர் குடியில் பிறந்தார் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஊருக்கு வந்த வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடின்றிக் குதிரையின்றி ஓடும் வண்டி! கண்டவர் பலர் வியந்தனர். அந்த இளைஞரோ 'எப்படி?' என்று கேட்டார். கோவை சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார். 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். ஏறி ஊர்வலம் வந்தாரா? இல்லை. அக்கு அக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், பெரும் போக்குவரத்து நிறுவனத்தை உருவாக்கினார். 1937இல் பாலசுந்தரத்துடன் இணைந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். 1945இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்ற வழிகோலினார். படிப்பின் பெரும்பகுதி பட்டறையில் நிகழவேண்டும் என்பது பெரியாரின் நண்பரான அவருடைய ஓயாத வாதம்.

அவரைப் புகழும்போதே ஒன்றையும் மறவாதிருப்போம். சேரியிலே பிறந்த சிறுவனொருவன் அதிகாரியின் வண்டியருகே குனிந்து பார்த்திருந்தால் 'எப்படி' என்று கேட்க விட்டிருப்பார்களா? எத்தனை நாயுடுக்களை, எத்தனை ஃபாரடேக்களை நாம் வரப்போரத்திலேயே புதைத்துவிட்டோம்!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக்கூடும். "கைத்தொழில் வேண்டும் என்கிறீர்களே, 1953இல் இராசகோபாலாச்சாரியார் அதைத்தானே கொண்டுவந்தார்? நீங்கள்தானே எதிர்த்தீர்கள்?" என்பார். ஆம், எதிர்த்தோம். அத்திட்டம் சிற்றூர்ப் பள்ளிகளின் படிப்பு நேரத்தைக் குறைத்து, மிஞ்சிய பொழுதில் பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்கு அனுப்பியது. வண்ணான் மகன் வெளுக்கவும், குயவன் மகன் பானை வனையவும், படித்தவன் மகன் படிக்கவும் வழி செய்தது. அதைக் குலக்கல்வி என்றது தமிழகம். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நம் காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அத்திட்டம் இங்கு நுழையவில்லை. ஆயினும் அதைப் பெற்ற கருத்துக்கு எல்லைக்கோடும் சுங்கச்சாவடியும் தெரியாது.

நாயுடுவின் தகப்பன் தொழில் மோட்டார் அன்று; ஃபாரடேயின் தகப்பன் தொழில் மின்சாரம் அன்று. பிறப்பு திணிப்பது குலத்தொழில். விருப்பம் தேடுவது அறிவியல். முன்னது கையைக் கட்டுவது, பின்னது கையை அவிழ்ப்பது. இரண்டையும் ஒன்றென்பது விலங்கையும் வளையலையும் ஒன்றென்பது போல!

ஆனால், வென்றபின் நாம் என்ன செய்தோம்? ஏட்டைப் பெற்றோம், மகிழ்ச்சி. ஏடு கிடைத்ததும் நாமும் கையை உதறத் தொடங்கினோமே, அது முறையா? ஆசிரியராகிய நாமும் தப்பவில்லை. சோதனையைச் செய்யாமலே குறிப்பேட்டில் விடையை எழுதச் சொன்னோம். கருவி உடைந்துவிடுமென்று அலமாரியைப் பூட்டினோம். பூட்டிய அலமாரிக்கும் ஆண்டுக்கொருமுறை குங்குமம் வைத்தோம். எந்தக் கூட்டத்தின் தவற்றை இடித்துரைத்தோமோ, அதையே நாமும் செய்கிறோம். இன்று காரைக்கால் மாவட்டத்திலேயே, திருவேட்டக்குடியில், தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. அதன் வாயிலுக்குச் செல்லும் வழி மனப்பாடத்தின் வழியாக மட்டும் இருக்கலாமா?

குறடு கேட்ட மாணவியின் கதையை முடிப்போம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், ஒரு மின்கலம், இரண்டு ஊக்குகள், மேற்பூச்சுள்ள செப்புக்கம்பி ஆகியவையே அவளிடம் இருந்தவை. கம்பியை விரலாலேயே சுருளாக வளைத்தாள். சமையற்கட்டுக் கத்தியால் இரு முனைகளின் பூச்சையும் சுரண்டினாள். ஊக்குகளில் பொருத்தினாள். சுருள் துள்ளியது, நின்றது. மீண்டும் துள்ளியது, மீண்டும் நின்றது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, புதுக் கம்பியெடுத்து, ஒரு முனையில் பாதிப் பக்கத்தை மட்டும் சுரண்டினாள். அரைச் சுற்றில் இழுத்த விசை, மறு அரைச் சுற்றில் பின்னுக்குத் தள்ளாதபடி மின்சாரம் அறுந்தது. சுருள் சுழன்றது!

1821இல் இலண்டனில் சுழன்ற அதே சுழற்சி கோவில்பத்தில் ஒரு குடிசையில் சுழன்றது. எந்தக் குங்குமமும் அதைச் சுழற்றவில்லை. மறுநாள் நாம் அலமாரியின் பூட்டைத் திறந்தோம். சாவியை மாணவர்களிடமே கொடுத்துவிட்டோம். இரண்டு குடுவைகள் உடைந்தன. உடையட்டும்! குடுவை உடைந்தால் வாங்கலாம். ஆவல் உடைந்தால் எந்தக் கடையில் வாங்குவது?