நாலு கிழமைக் காத்திருப்பு

 

போன கிழமை வகுப்பில் ஒல்லாந்தர் காலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், உங்கட நோன்பு மாதிரி எங்களுக்கும் இப்ப ஒரு காலம் நடக்குது. திருவருகைக் காலம். நத்தாருக்கு முதல் நாலு ஞாயிறு" என்றது. "அதில என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "செபிச்சுக்கொண்டு காத்திருப்பம் சேர்."

பிள்ளை சும்மா சொன்ன பதில்தான். ஆனால் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பாடமே அதற்குள் இருந்தது. வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1658இல் ஒல்லாந்தர் முதலில் மன்னாரையும் பிறகு யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கத்துக்கு எதிரான சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் போட்டார்கள். கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஏறத்தாழ முப்பது வருடம் இங்குள்ள கத்தோலிக்கருக்குக் குருவும் இல்லை, பூசையும் இல்லை. 1670 அளவில் மாந்தைப் பக்கத்துக் குடும்பங்கள் சில, மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. அதுதான் இன்றைய மடு. அதே சுரூபம் 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, நமக்குக் கிட்ட இருக்கிற தேவன்பிட்டிக்குக் கொண்டுவரப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த முப்பது வருடத்தில் எத்தனை திருவருகைக் காலம் வந்து போயிருக்கும்! இப்போது கோயில்களில் பச்சை வளையத்தில் நாலு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். அந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் தொடங்கியது. அன்றைய சனத்துக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் மிஞ்சியது செபமாலையும் பாடமான செபங்களும்தான். தாய் சொல்லப் பிள்ளை கேட்டு மனதில் பிடித்த செபங்களை எந்தச் சிப்பாயாலும் பறிக்க முடியாது.

1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த முகங்கள் மாறின. சில்லாலையில் தங்கி, இரவுகளில் இரகசியமாகப் பூசை வைத்தார்.

1689, நத்தாருக்கு முந்தின இரவு. திருவருகைக் காலத்தின் கடைசி இரவு. யாழ்ப்பாணத்தில் செபத்துக்குக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டார்கள். ஒருவர் அடி தாங்காமல் இறந்தார். ஏழு பேருக்குக் கடூழியம். வாஸ் அடிகளார் பிடிபடவில்லை. அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம்.

இந்த இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் அடைத்துவிட்டது. பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

1690இல் அவர் புத்தளம் போனார். சரியாக முன்னூறு வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் போனதும் புத்தளத்துக்குத்தான். நாச்சிக்குடாவில் இருந்த எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் பிறந்தது புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில்.

மழைக்கு நிலம் ஈரமாகும். உம்மா உரப்பையை விரித்து அதன் மேல் பழைய சேலையைப் போட்டு சுபஹ் தொழுவார். "எப்ப உம்மா ஊருக்குப் போறது?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். "அது அல்லாஹ்ட நாட்டம். தொழுறது எங்கட வேலை" என்பார். தொழுது முடித்து எழும்பும்போது உம்மாவின் முகத்தில் ஒரு அமைதி இருக்கும். கூப்பன் வந்ததால் வந்த அமைதி அல்ல, ஊருக்குப் போகலாம் என்ற செய்தியால் வந்ததும் அல்ல. அப்படி ஒரு செய்தி இருபது வருடம் வரவே இல்லை. வாப்பா ஊரைக் காணாமலே மௌத்தானார்.

கஷ்டம் தீர்ந்தால்தான் மனம் ஆறும் என்று நானும் நினைத்திருந்தேன். உம்மாவைப் பார்த்து, பிறகு இந்த வரலாற்றைப் படித்து, அந்த எண்ணத்தை விட்டேன். 1692இல் கண்டிக்குப் போன வாஸ் அடிகளாரை ஒற்றன் என்று சொல்லிச் சிறை வைத்தார்கள். அவர் அங்கே சிங்களம் படித்தார், சின்னக் குடிசை போட்டுக் கோயிலாக்கிச் செபித்தார். கதவு திறக்கட்டும், அதற்குப் பிறகு செபிப்போம் என்று அவர் இருக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்தார். அன்று அங்கே கூடிய சனத்தில் பலர், முப்பது வருடம் குருவில்லாமல் செபித்தவர்களின் வழித்தோன்றல்கள்.

எங்கள் குர்ஆனில் மர்யம் (அலை) பெயரில் ஒரு சூரா இருக்கிறது. ஈஸா நபியைப் பெற்றெடுக்கும் வேதனையில் அவர் தனியே ஈச்சமரத்தடியில் இருந்ததை அது சொல்கிறது. மக்காவில் துன்பப்பட்டு அபிசீனியாவுக்கு ஓடிய முதல் முஸ்லிம்கள், அந்தக் கிறிஸ்தவ அரசர் முன் ஓதிக் காட்டியதும் அந்த சூராவிலிருந்துதான். கேட்ட அரசர் அழுதார், அடைக்கலம் கொடுத்தார்.

நமது நம்பிக்கைகள் ஒன்றல்ல. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓடிப்போன அனுபவமும், ஓடும்போது கையில் செபத்தை மட்டும் கொண்டுபோன அனுபவமும் நமக்குள் பொதுவானவை. ஜெயபுரத்தில் இடம்பெயராத வீடு எது?

இப்போது மாரி. காலபோக வயல் பச்சையாய் நிற்கிறது. விதைத்தவர் இனிக் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. தண்ணீர் பார்க்கிறோம், புல் பிடுங்குகிறோம். பிள்ளை சொன்ன "செபிச்சுக்கொண்டு காத்திருப்பம்" என்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

காணாமல்போன பிள்ளைக்காக, விடுபடாத காணிக்காக இன்றும் காத்திருக்கும் அம்மாமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்த நாலு கிழமையும் மெழுகுதிரி கொளுத்தும்போது அவர்களை நினையுங்கள். எங்கள் துஆவிலும் அவர்கள் இருப்பார்கள்.

கத்தோலிக்க உறவுகளுக்கு அமைதியான திருவருகைக் காலம் அமையட்டும்.