அறுபடும் உறக்கம்: டிக்கோயாத் தோட்டங்களில் நரம்பு வலியும் இரவும்

இலங்கையின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் கை வலியைப் பகல் வேலையை வைத்தே பேசிப் பழகிவிட்டோம்: இன்று எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் கூலியா, அரைநாள் கூலியா), நாளைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலைக் கணக்கெடுப்புக்கு, வருவாரா. நரம்பு வலிக்கு இந்தப் பார்வை போதாது. அது முழு வலுவோடு வருவது இரவில். பறிக்கும் விரல்கள் நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. கூடைக் கயிறு தலையில் மாட்டியிருப்பதால் பாரம் கழுத்தில் இறங்குகிறது. ஓயாத கை வேலை மணிக்கட்டில் நடு நரம்பு நெரிபட வழிவகுக்கும். 1981இல் கெல்பர்மன் குழு அளந்தபோது, நோயற்றவர்களின் மணிக்கட்டுக் குகையில் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருந்த அழுத்தம் நோயாளிகளிடம் 32 ஆக இருந்தது; மணிக்கட்டை மடக்கியதும் பல மடங்கு ஏறியது. தூக்கத்தில் கை தானாக மடங்குகிறது. நடுச்சாமத்தில் விறைத்து எரியும் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவது இந்நோயின் தெளிவான அடையாளங்களுள் ஒன்று.

வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நான் வலியுறுத்துவது மறுபக்கத்தை: அறுபட்ட தூக்கம் வலியை வளர்க்கிறது. 2007இல் ஸ்மித் குழு நலமான பெண்களிடம் செய்த சோதனையில், ஒரு பிரிவினரை இரவில் பலமுறை எழுப்பினார்கள்; இன்னொரு பிரிவினரைப் பிந்திப் படுக்கவைத்து, ஏறக்குறைய அதே நேர அளவுக்குத் தொடர்ந்து தூங்கவிட்டார்கள். வலியைத் தானாக அடக்கும் உடலின் திறன் முதற் பிரிவினரிடம் மட்டுமே குன்றியது. அதாவது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைவிட எத்தனை முறை விழித்தார் என்பதே இங்கு முக்கியம். நலமானவர்களிடம் கண்டதை நோயாளிகளுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். நாட்பட்ட வலியால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உடலுக்கு இந்த இழப்பு குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிடத் தூக்கக் கேடு பின்வரும் வலியை உறுதியாக முன்னறிவிக்கிறது என்பதே பினன் குழுவின் 2013ஆம் ஆண்டு மீளாய்வின் முடிவும்.

‘மலையேறி இறங்கிய அலுப்பில் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறார்களே’ என்பார்கள். அலுப்பு கண்ணைச் சொருகவைக்கும். நெரிபட்ட நரம்பை அமைதிப்படுத்தாது. வலுவான மறுப்பு வேறொன்று: தூக்கம் கெடுவதற்குத் தோட்டத்து வரிசை வீடான லயமே காரணம், நரம்பு அன்று. நெருக்கமான காம்பரா, ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் இருமலும் பேச்சும், ஹட்டன் பக்கத்துக் குளிர், விடியுமுன் அடுப்படி வேலை. இத்தனையும் உண்மை. ஆனால் இவை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கின்றன. விழிப்பு எதனால் வந்தாலும் வலியை அடக்கும் திறன் குறையுமென்றால், லயத்தின் இரவும் நோயின் ஒரு பகுதிதான். வீட்டுப் பிரச்சினையை வலி மருத்துவத்துக்குப் புறம்பானதென்று ஒதுக்க முடியாது.

2017இல் இந்திய உதவியோடு திறக்கப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கும் தோட்ட மருந்தகங்களிலும் ‘எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்’ என்றும் கேட்க வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கை விறைப்புக்கு இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டலாம். நரம்பு வலிக்குப் பெரசிற்றமோல் பெரும்பாலும் உதவாது. விலை குறைந்த அமிட்ரிப்டிலின் வலியையும் தணிக்கக்கூடும், தூக்கத்தையும் தரக்கூடும். காலையில் அதன் மயக்கம் மிஞ்சினால் சரிவில் கால் இடறுமே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, படுக்கும் நேரத்துக்குக் காத்திராமல் முன்னிரவிலேயே கொடுத்து, மறுவாரம் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.