சிமென்ட் உற்பத்தி: சூழல், கதிரியக்கத் தாக்கங்கள்

சிமென்ட் உற்பத்தியின் சூழல் தாக்கம் என்பது சுரங்கம், சூளை, அரைவை ஆகியவற்றால் காற்றும் நீரும் நிலமும் அடையும் கேடுகளையும், மூலப்பொருள்களின் இயற்கைக் கதிரியக்கம் கட்டடத்துக்குள் வந்து சேர்வதையும் குறிக்கும். தமிழகத்தில் சுண்ணாம்புக்கல் வளமுள்ள அரியலூர், டால்மியாபுரம், மதுக்கரை, தாழையூத்து ஆகியவை முக்கிய மையங்கள். சுமார் 1450 டிகிரி செல்சியஸில் கிளிங்கர் உருவாகிறது. வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அன்று, சுண்ணாம்புக்கல் சிதைவிலிருந்தே வருகிறது.

சென்னைப் பகுதியின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரமோ முதன்மையாக சிமென்ட் நுகர்வுப் பகுதி. இங்கு உணரப்படுவது கான்கிரீட் கலவை ஆலைத் தூசியும் லாரிப் புழுதியும்தான்.

கதிரியக்கத்தைப் பொறுத்தவரை, நிலக்கரி எரியும்போது அதிலுள்ள ரேடியம் 226, தோரியம் 232 ஆகியவை சாம்பலில் செறிகின்றன. போசோலானா சிமென்டில் இந்த நிலக்கரிச் சாம்பல் (உலர்சாம்பல்) 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது. கட்டுமானப் பொருள்களுக்கு ரேடியம் சமானச் செறிவின், அதாவது ரேடியம், தோரியம் முதலியவற்றின் கதிரியக்கத்தை ஒரே அளவில் கூறும் மதிப்பின், உச்சவரம்பு கிலோவுக்கு 370 பெக்கரல்.