சாம்பலை இழுத்த கல்

இலங்கையின் இரத்தினக் குழிகளிற் பச்சை, மஞ்சள், கபிலம் எனப் பல நிறங்களிற் கிடைக்கும் கல் ஒன்று உண்டு. சிங்கள மக்கள் பன்னிறக் கற்களுக்கு வழங்கிய 'தோரமல்லி' என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவிற் 'தூர்மலின்' என மருவி, இன்று உலகெங்கும் அதன் பெயராய் நிலவுகின்றது. அதிர்வை அளக்கும் கருவியின் வரலாறு இக்கல்லிலிருந்தே தொடங்குகின்றது.

1703ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் இக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடேறிய கல்லை நோக்கிச் சாம்பற்றுகள்கள் பாய்ந்து ஒட்டுவதைக் கண்டு வியந்த அவர்கள், அதற்குச் 'சாம்பலிழுப்பான்' எனப் பெயரிட்டனர். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் நூல் எழுதிய இலின்னேயசு, அந்நூலிலேயே இதனை 'மின்கல்' எனக் குறித்தார். 1756இல் ஈப்பினசு என்னும் செருமானிய அறிஞர், சூடேறிய கல்லின் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் மறைமின்னும் தோன்றுவதைக் கண்டறிந்தார்.

வெப்பத்தால் மின் பிறக்குமாயின் அமுக்கத்தாலும் பிறக்காதோ? இவ்வினாவைத் தெளிவாக எழுப்பி விடை கண்டவர்கள் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள். 1880இல் யாக்கு கியூரியும் இருபத்தொரு வயதினரான தம்பி பியேர் கியூரியும் தூர்மலின், குவாற்சு, புட்பராகம், கருப்பஞ்சர்க்கரை, உறொசெல் உப்பு ஆகியவற்றின் பளிங்குகளை அமுக்கிப் பார்த்தனர். அமுக்கிய மாத்திரத்தில் மின்னேற்றம் தோன்றிற்று. அமுக்கம் இருமடங்காக, ஏற்றமும் இருமடங்காயிற்று. அளவோடு அளவு பொருந்தும் இந்த ஒழுங்கே பிற்காலத்து அளவுகருவிக்கு அடிப்படையாகும்.

எனினும் அக்கருவி உடனே பிறந்துவிடவில்லை. பளிங்கு தரும் மின்னேற்றம் மிகமிகச் சிறிது. அதனைப் பெருக்கிக் காட்டத் துணை வேண்டியிருந்தது. 1906இல் அமெரிக்கராகிய இலீ டி பொறெசுற்று அமைத்த மூவாய் வால்வு அத்துணையாயிற்று. பளிங்கு இடைக்காலத்திற் பிறிதோர் பணி ஆற்றியது. முதலாம் உலகப் போரின்போது இலாஞ்செவன் என்னும் பிரெஞ்சு அறிஞர், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டுக் குவாற்சுப் பளிங்கைக் கொண்டு நீருக்கடியிற் கேளா ஒலியை எழுப்பினார்.

1923இல் அமெரிக்காவில் மக்கொலம், பீற்றசு என்போர் காபன் வில்லைகளின் மின்தடையைக் கொண்டு ஆர்முடுகலை அளந்தனர். ஆயினும் அக்கருவி பருமனானது. விரைந்த அதிர்வுகளைத் தொடரமாட்டாதது. 1940களில் தென்மார்க்கு நாட்டுப் புரூவெல், கியேர் என்னும் இரு பொறியியலாளர் உறொசெல் உப்புப் பளிங்கைக் கொண்டு ஆர்முடுகல்மானியை ஆக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

அதன் அமைப்பு எளிது. அதிரும் பொறியின்மேல் ஓர் அடித்தட்டு; அதன்மேற் பளிங்கு; பளிங்கின்மேல் ஒரு சிறு திணிவு. அடித்தட்டுக் குலுங்கும்போது திணிவு தன் சடத்துவத்தினாற் பின்தங்கிப் பளிங்கை அமுக்கும், மறுகணம் தளர்த்தும். விசை ஆர்முடுகலுக்கு விகிதசமமாதலின், பளிங்கில் எழும் ஏற்றமும் அவ்வாறே அமையும். அசையாது நிற்கும் சுமையை மட்டும் இக்கருவி அளவாது. அவ்வேற்றம் மெல்லக் கசிந்து மறையும். அதிர்ச்சியும் அதிர்வுமே அதன் துறை.

உறொசெல் உப்பு ஈரத்துக்கு அஞ்சும். ஏறத்தாழ 55 பாகை வெப்பத்திற் சிதையும். ஆதலின் சூளையிற் சுட்ட மட்பாண்டம் போன்ற பொருள்கள் அதன் இடத்தைப் பெற்றன. முதலிற் பேரியம் தைத்தனேற்றும், 1950களில் ஈயமும் சிர்க்கோனியமும் கலந்த தைத்தனேற்றும் புகுந்தன.

விமான எந்திரத்தின் சுழலி சிறிது நிலை பிறழினும் அதன் அதிர்வு மாறும். கண்ணுக்குத் தெரியாத அம்மாற்றத்தை இக்கருவி முன்கூட்டியே உணர்த்துவதால், முறிவு நேருமுன் பழுது நீக்கப்படுகின்றது. பயணிகளின் உயிர் காக்கப்படுகின்றது.

கல்லும் அதன் பெயரும் இந்நாட்டிற் பிறந்தன. வினாவோ கடல் கடந்து எழுந்தது. சாம்பல் ஒட்டுவதைக் கண்டு வியந்தவர் பலர். ஏன் ஒட்டுகின்றது என வினவியவர் சிலர். வெப்பம் செய்வதை அமுக்கமும் செய்யுமோ என அப்பாற் சென்று வினவியவர் இருவர். காலடியிற் கிடக்கும் பொருளை நோக்கி இத்தகைய வினாக்களை எழுப்பும் பழக்கமே ஒரு நாட்டின் உண்மையான இரத்தினக் குழியாகும்.