மெக்ஸிக்கோவில் சுத்தபோசனம்

இறைச்சியை ஒறுப்பதற்கு முதலில் இறைச்சி இருக்கவேண்டும். 1521இல் தெனொச்தித்லான் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. 1524இல் பிரான்சிஸ்கன் துறவிகள் பன்னிருவர் மெக்ஸிக்கோ வந்து சேர்ந்தனர். மாடும் பன்றியும் ஆடும் கோழியும் ஸ்பானியரின் கப்பல்களில் வந்தவை. அதற்கு முன் அங்கே வளர்க்கப்பட்டவை வான்கோழியும், உணவுக்கென்றே பேணப்பட்ட நாயும்தான். வேட்டையிலும் ஏரியிலும் கிடைத்தது வேறு. நாளாந்தச் சாப்பாடு சோளம், அவரை விதை, பூசணி, மிளகாய், கீரை. ஆக, திருச்சபை தவமென்று விதித்தது எதுவோ, அதுவே குடியானவனின் வழமையான சாப்பாடாக இருந்தது.

இம்மக்கள் விரதம் அறியாதவர்களுமல்லர். அஸ்டெக் விரதத்தில் ஒருநேரச் சாப்பாடு. அதிலும் உப்பில்லை, மிளகாயில்லை. 15ம் நூற்றாண்டில் தெஸ்கோக்கோவை ஆண்ட நெசவால்கொயோத்ல் என்ற அரசனின் பெயருக்கே 'விரதமிருக்கும் கொயோட்டி நரி' என்றுதான் பொருள். (மிளகாயை விடச் சொன்னால் நம்மில் எத்தனைபேர் தாங்குவோம்? அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கேயர் கையால் நமது அம்மிக்கு வந்து ஐந்நூறு வருடங்கூட ஆகவில்லை.)

1537இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், சுதேசிகளுக்கான கட்டாய ஒருசந்தி நாட்களைத் தவக்கால வெள்ளிகள், பெரிய சனி, நத்தாருக்கு முந்திய நாள் என்று குறைத்தார். இதை இரக்கம் என்பார்கள். அவர்களது வயிறு ஏற்கெனவே ஒருசந்தி இருந்தது என்பதை ஒப்புக்கொண்டதாகவே நாம் இதை வாசிக்கிறோம். ஸ்பானியருக்கோ வேறுவழி இருந்தது. 'சிலுவைப்போர்ப் பத்திரம்' என்ற சலுகைச் சீட்டைக் காசு கொடுத்து வாங்கினால் தவக்காலத்திலும் முட்டையும் பாலும் உண்ணலாம்.

துறவிகளைக் கலங்கவைத்தது இறைச்சியல்ல, ஒரு கீரை விதை. நமது முளைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியின் விதையை மாவாக்கி, கற்றாழைப்பாகில் குழைத்து, தெய்வ உருச் செய்து, விழாநாளில் பிட்டுப் பகிர்ந்து உண்டார்கள் அஸ்டெக் மக்கள். திவ்விய நற்கருணையைச் சாத்தான் பரிகசிக்கிறான் என்று துறவிகள் கண்டார்கள். அந்த வழிபாடு ஒடுக்கப்பட்டது. செடி அழியவில்லை. அதன் விதையைப் பாகில் பிடித்த இனிப்பு இன்றும் 'மகிழ்ச்சி' என்று பொருள்படும் 'அலெக்ரியா' என்ற பெயரில் தெருவில் விற்கப்படுகிறது.

மற்றக் கீரைகளுக்குத் தவக்காலமே அடைக்கலமானது. 'ரொமெரிட்டோஸ்' உவர்நிலத்தில் வளரும் கீரை. மிளகாயும் விதைகளும் வறுத்தரைத்த 'மோலே' குழம்பில் அதை இட்டு, உருளைக்கிழங்கும் சப்பாத்துக்கள்ளித் துண்டுகளும் காய்ந்த இறாலை இடித்துப் பொரித்த வடைகளும் சேர்ப்பார்கள். (நமது கணக்கில் இறாலும் மச்சம், திருச்சபையின் கணக்கில் அல்ல.) 'ஹ்வாவ்ஸோந்த்லே' என்பது பூங்கொத்துக் கீரை. அவித்துப் பிழிந்து, நடுவே பாற்கட்டி வைத்து, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. தண்டைப் பிடித்துப் பல்லால் உருவிச் சாப்பிடவேண்டும். உணவகச் சமையலறையில் நிற்கிற நமக்கு இதன் வேலை விளங்கும். ஓர் இறைச்சித் துண்டை வாட்டிப் போடுவது சில நிமிட அலுவல். கீரை ஆய்வது, மிளகாயின் விதை நீக்குவது, வறுப்பது, அரைப்பது எல்லாம் பொழுது தின்னும் வேலைகள். வெள்ளிக்கிழமையின் தவத்தைச் செய்தவர்கள் யாரென்று அந்நாட்டுப் பெண்களைத்தான் கேட்கவேண்டும்.

'கப்பிரோத்தாதா' இன்னொரு வகை. ஸ்பெயினின் பழைய சமையல் நூல்களில் இறைச்சிச் சாறு ஊற்றப்பட்ட பண்டம் இது. மெக்ஸிக்கோவின் தவக்காலத்தில் இறைச்சி போய்ச் சர்க்கரைப்பாகு வந்தது. பழைய பாணை வாட்டி அடுக்கி, கறுவாவும் கராம்பும் இட்டுக் காய்ச்சிய பாகை ஊற்றி, முந்திரிகை வத்தலும் பாற்கட்டியும் இட்டு வேகவைப்பார்கள். பாண் இயேசுவின் உடல், பாகு இரத்தம், கராம்பு ஆணி, கறுவாப்பட்டை சிலுவை மரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மாவில் செய்த உடலைப் பிட்டு உண்பதில் இம்முறை எந்தத் துறவியும் சாத்தானைக் காணவில்லை. பாணின் கோதுமை, பாகின் கரும்பு, பாற்கட்டியின் மாடு எல்லாம் ஸ்பானியர் கொண்டுவந்தவை. மேலே தூவும் கச்சான் மட்டும் அமெரிக்க மண்ணினது.